ஓடுவதற்குச் செலவு செய்கிறோம், நிற்பதற்கு?

சைக்கிள் திருத்தும் கடை ஒன்றின் வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். ஒருவர் ரியூப் ஒட்டுவிக்க வருவார். இன்னொருவர் செயின் மாற்றுவார். வேறொருவர் கரியருக்கு மேலதிகமாக இரண்டு கம்பி வைத்து ஒட்டுவித்துக்கொண்டு, இனி இன்னும் ஒரு மூட்டை ஏற்றலாம் என்ற திருப்தியுடன் போவார். பிறேக் திருத்துவதற்கென்றே வருபவரைக் காண்பது அருமை. கடைக்காரர் தாமாகவே "அண்ணை, பின் கட்டை தேய்ஞ்சு போச்சு, மாத்துவமோ?" என்று கேட்டாலும், "அது கிடக்கட்டும், அடுத்த முறை பாப்பம்" என்பதுதான் வழக்கமான பதில்.

அந்த அடுத்த முறை எத்தனை பேருக்கு வராமலே போயிருக்கிறது என்பது எம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விழுந்தவரைப் பார்க்கப் போகும்போது, "காலம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அவருடைய சைக்கிளின் பிறேக் கட்டையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. விபத்துக்களில் கணிசமான பங்கு விதியால் வருவதல்ல, தேய்ந்த இறப்பர் துண்டினால் வருவது என்பதே இக்கட்டுரையில் நாம் வாதிக்க விரும்புவது.

சொந்த ஊரில் இருந்த காலத்தில் இது இவ்வளவு பெரிய விடயமாக இருக்கவில்லை. வீட்டுப் படலையைத் திறந்தால் தோட்டம். வயலும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாரம் தூக்க மாட்டு வண்டில் இருந்தது, வண்டில் இல்லாவிட்டால் அயலவரின் வண்டில் இருந்தது. இடம்பெயர்ந்த பின்னர் இருக்கும் இடம் ஒன்று, குத்தகைக்குச் செய்யும் நிலம் இன்னொன்று. நடுவில் ஐந்து, பத்துக் கிலோமீற்றர். விதைநெல், உரம், மருந்து தெளிகருவி, மண்வெட்டி, மதியச் சாப்பாடு, சில நாட்களில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டிய பிள்ளை, எல்லாம் ஒரே சைக்கிளில். பழைய இங்கிலாந்து மாதிரிச் சைக்கிள் ஒரு ஆளை ஏற்றி அலுவலகத்துக்குப் போய்வரச் செய்யப்பட்டது. அதை நாம் லொறியாக்கி வைத்திருக்கிறோம். அப்படி ஆக்கியதில் பிழையில்லை, வேறு வழியும் இருக்கவில்லை. லொறியாக்கிய பின்னும் பிறேக்கை மட்டும் பழையபடியே விட்டுவிட்டோம் என்பதுதான் பிழை.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் பெரும்பாலானோரின் கையில் இருந்த ஒரே வாகனம் சைக்கிள்தான். அன்றிரவு மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் ஏறி ஓட யாருக்கும் இடமிருக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனோம். அரிசி மூட்டை, பாய், சட்டி பானை, அதன்மேல் ஒரு கிழவி என்று ஏற்றிய சைக்கிளைத் தள்ளியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். முன்னால் போகிறவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். நிற்க முடியாதவரின் சில்லு முன்னே போனவரின் குதிக்காலில் ஏறியது. இடது பக்கமாக நின்று தள்ளுபவரின் இடக்கை பிறேக் பிடியில் இருக்கும், வலக்கை பாரத்தைப் பிடித்திருக்கும். அந்த இடக்கைப் பிறேக் வேலை செய்தவர்கள் அன்று புண்ணியம் செய்தவர்கள். ஏறி ஓடும்போது மட்டுமல்ல, தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் பிறேக் தேவை என்பதை அன்றுதான் நாம் கண்டுகொண்டோம்.

இனி, பிறேக் என்பது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடும் சைக்கிளுக்குள் ஒரு சக்தி சேமிக்கப்பட்டிருக்கிறது. நாம் மிதித்துச் சேர்த்த சக்தி அது. நிற்க வேண்டுமானால் அந்தச் சக்தி எங்கேயாவது போய்த் தீர வேண்டும். பிறேக் கட்டை றிம்மில் உரசும்போது அது சூடாக மாறிக் காற்றில் போகிறது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தபடி இறங்கி நின்று றிம்மைத் தொட்டால் சுடும்.

எமது ஊர்களில் அதிகமாக உள்ள பழைய வகைச் சைக்கிளில் பிறேக் பிடியிலிருந்து கட்டைவரை எல்லாம் இரும்புக் கம்பிதான். பிடியை அழுத்தினால் கம்பி இழுபடும், இடையிலுள்ள வளைந்த துண்டுகள் அந்த இழுவையைத் திசை திருப்பும். கடைசியில் லாடம்போல வளைந்த ஒரு இரும்பு, அதன் இரு நுனியிலுமுள்ள கட்டைகளை றிம்மின் உட்புறத்தில், அதாவது கம்பிகள் புறப்படும் பக்கத்தில், அழுத்தும். புதிய வகையில் கம்பிக்குப் பதிலாக உறைக்குள் ஓடும் வயர். கட்டைகள் றிம்மை இரு பக்கத்தாலும் இடுக்கிபோல் கவ்வும். இரண்டிலும் கையின் பலம்தான் மூலதனம். மூட்டை கனக்கிறது என்பதற்காகக் கையின் பலம் கூடிவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழுள்ள கணக்கைப் பாருங்கள்.

சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம். அவசரமாக மிதிக்கும் இளைஞனின் சாதாரண வேகம் இது. தார் வீதி, காய்ந்த றிம், இரண்டு பிறேக்கும் நல்ல நிலை. பிடித்ததிலிருந்து ஏறத்தாழ 4 மீற்றரில் நிற்கலாம். பின் பிறேக் மட்டும் என்றால் 6 மீற்றருக்கு மேல். இப்போது 100 கிலோ பாரம் ஏற்றுங்கள். மொத்தம் 180 கிலோ. கட்டையின் பிடி அதேதான், தடுக்க வேண்டிய பாரமோ இரு மடங்கிலும் அதிகம். இரண்டு பிறேக்கும் பிடித்தால் 9 மீற்றர், பின் பிறேக் மட்டும் என்றால் 14 மீற்றர். இதோடு, ஆபத்தைக் கண்டு கை பிறேக்குக்குப் போகும்வரை கழியும் ஒரு செக்கனில் சைக்கிள் இன்னும் ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். ஆக 20 மீற்றருக்குக் கிட்ட. இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்திவைத்த நீளம் அது. ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளையோ மாடோ குறுக்கே வந்தால் 20 மீற்றர் எங்கே கிடைக்கும்?

இதே பாரத்துடன் வேகத்தை 10 கிலோமீற்றராகக் குறைத்தால், பின் பிறேக் மட்டும் இருந்தாலும் எல்லாமாக ஆறு, ஏழு மீற்றரில் நின்றுவிடலாம். வேகம் பாதியானால் நிறுத்தும் தூரம் காற்பங்காகும் என்பது இயற்கையின் கணக்கு. பாரம் ஏற்றியவர் மெதுவாகப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கும் இதுதான்.

எமது பிரதேசம் சமதரை, மலைநாடு அல்லவே என்று சிலர் சொல்வர். குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதையை மறந்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. பத்து அடி போக ஒரு அடி இறங்கும் சரிவில் 180 கிலோ பாரம் தன்னாலே 18 கிலோ இழுவையுடன் கீழ்நோக்கி இழுக்கும். மேலே சொன்ன பின் பிறேக்கின் முழுப் பிடியும் 20 கிலோ அளவுதான். அப்படியானால் அந்தச் சரிவில் பின் பிறேக் சைக்கிளை நிறுத்துவதற்கல்ல, மேலும் வேகம் பிடிக்காமல் வைத்திருப்பதற்குத்தான் காணும். கட்டை சற்றுத் தேய்ந்திருந்தால், அல்லது றிம் நனைந்திருந்தால், அதற்கும் காணாது. எமக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு மூட்டை நெல்லுடன் இப்படித்தான் கட்டால் இறங்கினார். தொடை எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை. அடுத்த போகத்துக்கு நிலத்தை இன்னொருவருக்கு விட வேண்டியதாயிற்று, மனைவி கூலி வேலைக்குப் போனார். நெல் மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார். அவருடைய சைக்கிளில் முன் பிறேக் இருக்கவில்லை. இல்லாமற் போனதல்ல, அவரே கழற்றி வைத்தது.

முன் பிறேக்கைப் பற்றி எம்மிடையே வேரூன்றியுள்ள பயத்தோடுதான் எமக்குப் பெரிய முரண்பாடு. "முன் பிறேக் பிடிச்சா குத்துக்கரணம்" என்று தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஆகவே முன் கட்டை தேய்ந்தால் மாற்றுவதில்லை, கம்பி கழன்றால் கட்டுவதில்லை. சில வீடுகளில் முன் பிறேக்கின் கம்பி வேறு எதற்கோ பயன்பட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மை முழு உண்மையாகிவிட்டது.

பஸ் சடுதியாக நிற்கும்போது உள்ளே நிற்பவர்கள் எல்லோரும் முன்னுக்குச் சரிவதில்லையா? சைக்கிளிலும் அதுவே நடக்கிறது. பிறேக் பிடித்த மாத்திரத்தில் பாரம் முன்சில்லுக்கு மாறுகிறது, பின்சில்லு இலேசாகிறது. இலேசான சில்லை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது தரையில் சறுக்குமேயன்றி நிறுத்தாது. பின் பிறேக்கை மட்டும் நம்புபவர்களின் ரயரில் ஒரே இடத்தில் தேய்ந்த வெள்ளைத் தழும்பைக் காணலாம். அது சறுக்கிய அடையாளம். தனி ஆளாகப் போகும்போது நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்யக்கூடியது முன் பிறேக்தான். கரியரில் பாரமிருந்தால் பின்சில்லுக்கும் நல்ல பிடிப்பு இருக்கும் என்பது சரி. ஆனால் அந்நேரத்தில் தடுக்க வேண்டிய மொத்தப் பாரமும் கூடிவிடுகிறதே. ஒரு கையால் தூக்க முடியாததை இரு கையாலும் தூக்குவதுபோல், இரண்டு பிறேக்கும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

குத்துக்கரணம் எப்போது வருகிறது? முன் பிறேக்கை ஒரேயடியாக இறுக்கினால் வரும். முன் றிம்மில் ஒரு நெளிவு இருந்து, கட்டை அந்த இடத்தில் மாத்திரம் கவ்வினாலும் வரும். ஹான்டில் கழுத்துக் குண்டுகள் தளர்ந்து, பிடித்தவுடன் முன்பகுதி முழுவதும் அதிர்ந்தாலும் ஓடுபவர் நிலை தடுமாறுவார். கிறவல் வீதியிலும் மணலிலும் வளைவிலும் முன்சில்லு சறுக்கினால் விழுவது நிச்சயம், அங்கே பின் பிறேக்கையே அதிகம் நம்பி, வேகத்தை முன்கூட்டியே குறைக்க வேண்டும். இவற்றில் ஒன்றாவது முன் பிறேக்கைக் கழற்றி எறிவதற்குக் காரணமாகாது. றிம்மை நேராக்குவதற்கும், கழுத்தை இறுக்குவதற்கும், கையைப் பழக்குவதற்குமே காரணம். பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் பிறேக். பின் பிறேக்கை முதலில் பிடித்து, தொடர்ந்து முன் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தும் பழக்கத்தை வெறும் சைக்கிளில் ஒரு மைதானத்தில் அரை நாளில் பழகிவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். பாடசாலைக்கு நெடுந்தூரம் போய்வருபவர்கள் அவர்களும்தான்.

மழைக்காலம் தனிக் கதை. காலபோக விதைப்பும் வடகீழ்ப் பருவ மழையும் ஒன்றாக வருவதால், அதிகமாகப் பாரம் ஏற்றும் மாதங்களும் பிறேக் மிகக் குறைவாகப் பிடிக்கும் மாதங்களும் எமக்கு ஒன்றாகிவிட்டன. மினுக்கிய இரும்பு றிம் நனைந்தால் சாதாரண இறப்பர் கட்டை அதில் வழுக்கும். காய்ந்த நாளில் நின்ற தூரத்தைப்போலப் பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். அலுமினிய றிம் இதில் ஓரளவு பரவாயில்லை. இரும்பு றிம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே கட்டையை இலேசாக உரச விட்டு, சில்லு சில சுற்றுச் சுற்றும்வரை தண்ணீரைத் துடைத்துக்கொள்வது. மதகு நீரோடையைக் கடந்து ஏறியவுடனும் இப்படிச் செய்ய வேண்டும். மழையில் முதற்பிடி துடைப்பதற்கு, இரண்டாவது பிடிதான் நிறுத்துவதற்கு.

தண்ணீராவது காயும். எண்ணெய் காயாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது தாராளமாக விட்டுவிட்டு, வழிந்தது கம்பி வழியே றிம்முக்குப் போவதை நாம் கவனிப்பதில்லை. கரியரில் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கட்டிக்கொண்டு வருகிறோம். கடதாசி மூடி கசிந்து பின் றிம் முழுவதும் மினுங்கும். அதன்பின் பிறேக் பிடிக்கவில்லை என்று கட்டையைக் குறை சொல்வோம். சிலர் றிம்மைத் துப்புரவாக்கவே மண்ணெண்ணெய் பாவிக்கிறார்கள். அது அழுக்கை எடுக்கும், ஆனால் ஒரு படலத்தை விட்டுப்போகும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்த சீலையால் துடைப்பதே போதும். கட்டையின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் மண் கடதாசியால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். அதில் புதைந்துள்ள கிறவல் கற்களை ஆணி நுனியால் கிண்டி எடுங்கள். அவை றிம்மை அரிக்கும்.

கட்டை மாற்றும்போது ஒரு விடயத்தைப் பார்க்காமல் விட்டால் மாற்றாமல் விட்டதிலும் மோசம். இறப்பர் துண்டைப் பிடித்திருக்கும் இரும்புக் கூட்டின் ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கும். பிறேக் பிடிக்கும்போது சுழலும் சில்லு இறப்பரை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தப் பக்கம் மூடியதாக இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால், ஒருநாள் பாரத்துடன் இறுக்கிப் பிடிக்கும்போது இறப்பர் நழுவி வீதியில் விழும், கையில் பிறேக் இருக்காது. கெட்டிக்காரத் திருத்துநர்களும் அவசரத்தில் இந்தப் பிழையை விடுவதுண்டு. கடையை விட்டுப் புறப்படுமுன் நீங்களே குனிந்து பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்சில்லைக் கழற்றி ஒட்டுப் போட்ட பின்னரும் கவனம் தேவை. சில்லைக் கழற்றுவதற்காகத் தளர்த்திய பிறேக் நட்டை மீண்டும் இறுக்க மறந்துவிடுவார்கள். செயின் தொய்ந்ததென்று சில்லைப் பின்னுக்கு இழுத்தால் கட்டைக்கும் றிம்முக்கும் இடையிலான தூரம் மாறும்; உரசுகிறதே என்று பிறேக்கை முழுவதும் தளர்த்திவிடுவதும் உண்டு. இரண்டு, மூன்று மில்லிமீற்றர் இடைவெளி போதுமானது. பிடி பாதித்தூரம் போவதற்குள் கட்டை கவ்வ வேண்டும். பிடி ஹான்டிலைத் தொட்ட பின்னும் சில்லு உருண்டால் அது பிறேக் அல்ல. வயர் பிறேக் வைத்திருப்பவர்கள் பிடிக்குள் வயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் மற்றவையும் அறப்போகின்றன என்பது கருத்து. முடிச்சுப் போட்டு ஓட வேண்டாம்.

இதற்கெல்லாம் அரைக் காற்சட்டைப் பையனே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. சைக்கிளை நிறுத்திப் பிடித்து, முன் பிறேக்கை இறுக்கிக்கொண்டு முன்னுக்குத் தள்ளுங்கள். சில்லு உருளாமல் பின்பக்கம் மேலெழும்ப வேண்டும். பின் பிறேக்கை இறுக்கித் தள்ளினால் சில்லு உருளாமல் தரையில் இழுபட வேண்டும். காலையில் புறப்படுமுன் பத்துச் செக்கன் வேலை. பாரத்தைக் கட்டிய பிறகும் பிடிகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஹான்டிலில் தொங்கவிட்ட பை பிறேக் கம்பியை அமுக்கிக்கொண்டிருப்பதும், பாரில் இருக்கும் பிள்ளை பிடிக்குக் கீழே விரலை வைத்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

செருப்புப் பிறேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை முன் ரயரில் வைத்து நிறுத்தும் வித்தையில் எமது பையன்கள் தேர்ந்தவர்கள். பிறேக் கட்டை கிடைக்காத காலத்தில் பழைய ரயரையும் செருப்பையும் வெட்டிக் கட்டையாகப் பூட்டியவர்கள் நாம். அந்தக் காலத்துக்கு அது சமாளிப்பு. ஆனால் செருப்பு இறப்பர் மென்மையானது, ஒரு இறக்கத்திலேயே உருகித் தேய்ந்துவிடும். கடையில் கட்டை தொங்கும்போதும் அந்தச் சமாளிப்பைத் தொடர்வது சிக்கனமல்ல. கம்பிகளுக்குள் கால் அகப்பட்டால் பிள்ளையின் கணுக்கால் என்னவாகும் என்று வைத்தியசாலைப் பணியாளர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மோட்டார் வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மோட்டார் சைக்கிளிலும் முன் பிறேக் பயம் இதேபோல் குடிகொண்டிருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். காரிலும் வானிலும் பெடலை மிதித்தால் குழாய்களுக்குள் உள்ள பிறேக் எண்ணெய் அந்த அழுத்தத்தை நான்கு சில்லுக்கும் கொண்டுபோகும். குழாய்க்குள் காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், ஏனெனில் காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு பயணிகளை ஏற்றுபவரின் வாகனத்தில் ஏற வேண்டாம். மிதித்தபடி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக என்ஜின் எண்ணெயை ஊற்றினால் உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் வெறுமையாகிவிடும். மலையகத்து வீதிகளில் ஓடியவர்கள் கீழ்க் கியரில் இறங்குவது இதற்காகத்தான். 1977க்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் உள்ள மூத்தவர்களுக்கு இது நன்கு தெரியும்.

எமது குடும்பங்கள் அதிகம் ஏறுவது உழவு இயந்திரப் பெட்டியில். அரிவு வெட்டுக் காலத்தில் இருபது பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது. பெட்டியின் பிறேக் வேலை செய்யாவிட்டால், முன்னே இயந்திரம் நிற்க முயலும்போது பின்னே பெட்டி அதைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கவாட்டில் மடக்கிவிடும். சாரதியிடம் "தம்பி, பெட்டிக்குப் பிறேக் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு ஏறுவது மரியாதைக் குறைவல்ல.

2009க்குப் பின்னர் மீளக்குடியமர்ந்தவர்களுக்கு நிறுவனங்கள் பல சைக்கிள்கள் கொடுத்தன. நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள் அதைக் கட்டும் கூலியாளிடம் எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். எமது பகுதியில் நடந்த ஒரு வைபவத்தில் கொடுக்கப்பட்ட சைக்கிள்களில் சிலவற்றின் முன் பிறேக் கட்டைகள் றிம்மைத் தொடவேயில்லை. வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள், அழகாக இருந்தது. அடுத்த வாரமே அவற்றில் நெல்லும் விறகும் ஏறின. பாரம் ஏற்றும் விவசாயிக்குச் சைக்கிள் கொடுப்பவர்கள் அதோடு இரண்டு சோடி கட்டைகளையும் ஒரு ஸ்பானரையும் கொடுக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? முழுச் சைக்கிளின் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறு தொகை.

2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோது நாடு முழுவதும் சைக்கிளுக்குத் திரும்பியது. கொழும்பில் அதைப் புதுமையாகப் பார்த்தார்கள். எமக்கு அது தொண்ணூறுகளின் தொடர்ச்சி. அப்போது பலர் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிள்களை எடுத்துக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓடத் தொடங்கினார்கள். கட்டைகள் மட்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன. இறப்பர் பாவிக்காமல் கிடந்தாலும் காய்ந்து இறுகிவிடும். அதை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் இருந்துவிட முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மண்வெட்டியும் தெளிகருவியும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஒரு ஸ்பானர் கட்டு, கம்பி இறுக்கும் சாவி ஒன்று, பத்துச் சோடி கட்டை, கொஞ்சம் மண் கடதாசி என்பவற்றையும் அதே அலுமாரியில் வைக்கலாம். விதைப்புத் தொடங்குவதற்கு முன், புரட்டாதியில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஊரிலுள்ள எல்லாச் சைக்கிள்களையும் ஒரு மரத்தடிக்குக் கொண்டுவந்து தள்ளிப் பார்த்தால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும். கட்டையின் விலையை எடுப்பவர் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவர் அறுவடைக்குப் பின் கொடுக்கட்டும். சாமான்களுக்கு யார் பொறுப்பு என்று சண்டை வரும் என்பார்கள். வரத்தான் செய்யும். ஸ்பானரை வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்துவிடும் பழக்கமில்லாத ஒரு அம்மாவிடம் திறப்பைக் கொடுத்துவிடுங்கள்.